ஏழைகளின் சிகிச்சையகத்தில் பிறந்த மேற்பார்வை

பேச்சுவழிச் சிகிச்சை எந்த நாட்டிலும் மலிவானதல்ல. வாரந்தோறும் ஒரு மணி நேரம், பல மாதங்களுக்கு, பயிற்சி பெற்ற ஒருவருடைய முழுக் கவனமும் ஒரே ஆளுக்கு என்று அமைந்த சேவை மலிவாக இருக்க வழியும் இல்லை. கையில் பணம் குறைவாக உள்ளவர்களுக்கு இன்று பல நகரங்களில் திறந்திருக்கும் கதவு பயிற்சிச் சிகிச்சையகம்தான். பல்கலைக்கழகத்தோடோ பயிற்சி நிறுவனத்தோடோ இணைந்த அத்தகைய இடங்களில், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் ஒரு மாணவர் சிகிச்சை தருகிறார். கட்டணம் வருமானத்துக்கேற்பக் குறைகிறது. அங்கே போகத் துணிகிறவர்களில் பலர் மனத்துக்குள் ஒரு கணக்கோடுதான் போகிறார்கள்: தேர்ந்தவருக்குக் கொடுக்கப் பணமில்லை, ஆகவே தேறாதவரிடம் போகிறோம். வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கணக்கு தவறு. சிகிச்சை தருபவரின் வேலையை இன்னொருவர் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்ற விதி, பணம் கொடுக்க முடியாதவர்களுக்காகத் திறக்கப்பட்ட அறைகளில்தான் வேரூன்றியது. வசதியுள்ளவர்களின் தனியறைச் சிகிச்சைக்கு அந்த ஒழுங்கு பின்னால்தான் போய்ச் சேர்ந்தது. குறைந்த கட்டணமும் மேற்பார்வையும் ஒரே காரணத்தால் ஒரே இடத்தில் பிறந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1920க்கு முன், பேச்சுவழிச் சிகிச்சையின் தொடக்க வடிவமான உளப்பகுப்பாய்வைச் செய்பவர் எப்படி உருவானார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டின் நூல்களைப் படித்து, அவர் நடத்திய புதன்கிழமைக் கூட்டங்களில் உட்கார்ந்து, தானும் அப்படியே செய்யலாம் என்று தீர்மானித்த மருத்துவர் மறுநாளே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கலாம், தடுப்பார் இல்லை. பிற்காலத்தில் பெர்லின் சிகிச்சையகத்தை நிறுவிய மாக்ஸ் ஐட்டிங்கோனே 1909இல் ஃபிராய்டோடு மாலை நடைகளில் பேசியதையே தன் பயிற்சிப் பகுப்பாய்வாகப் பெற்றவர். மூடிய கதவுக்குள் இருவர் மட்டும் பேசும் தொழில் அது. உள்ளே நடந்த தவறு வெளியே தெரிய வேண்டுமானால், தவறு செய்தவரே சொல்ல வேண்டும், அல்லது பாதிக்கப்பட்டவர் சொல்ல வேண்டும்; பாதிக்கப்பட்டவர் சொன்னால் அதையும் நோயின் அறிகுறியாகக் கொள்ள வசதி இருந்தது. கட்டணம் பற்றிய கருத்தும் அன்று கறாராக இருந்தது. ஏறத்தாழ பத்தாண்டுகள் நாளுக்கு ஒரு மணி, சில வேளை இரண்டு மணி நேரம் இலவசமாகச் சிகிச்சை செய்து பார்த்ததாகவும், அதனால் எதிர்பார்த்த நன்மை கிட்டவில்லை என்றும், இலவசம் நோயாளியின் எதிர்ப்பைக் கூட்டுகிறது என்றும் ஃபிராய்ட் 1913இல் எழுதினார். அந்த நிலையிலேயே அவர் நின்றிருந்தால் பின்னால் நடந்தவற்றுக்கு அவர் பெயரின் ஆதரவு கிடைத்திருக்காது.

போர் அவரை மாற்றியது. 1918 செப்டம்பர் 28, 29 தேதிகளில் புடாபெஸ்டில் சர்வதேச உளப்பகுப்பாய்வாளர்களின் ஐந்தாவது மாநாடு கூடியபோது, ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி அரசுகளின் அதிகாரிகள் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். போர்முனையிலிருந்து நடுக்கத்தோடும் பேச்சிழந்தும் திரும்பிய சிப்பாய்களை என்ன செய்வது என்ற கேள்வி அவர்களை அங்கே கொண்டுவந்திருந்தது. அவர்கள் முன்னிலையில் ஃபிராய்ட் சொன்னதன் சாரம் இது: ஏழைக்கு அறுவைச் சிகிச்சையில் எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு உரிமை மனத்துக்கான உதவியிலும் உண்டு, நரம்புத் தளர்ச்சி நோய்கள் காசநோய்க்குக் குறையாமல் மக்கள் நலத்தைக் கெடுக்கின்றன, ஒருநாள் சமூகத்தின் மனச்சாட்சி விழித்து, பயிற்சி பெற்ற மருத்துவர்களைக் கொண்ட இலவச நிலையங்கள் அமையும். அரசு அதைச் செய்ய நெடுங்காலம் ஆகலாம் என்றும், அதுவரை தனியார் கொடை அந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்றும் அவர் கருதினார். பலருக்குச் சிகிச்சை கொண்டுபோகும்போது முறையின் தூய்மையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க நேரும் என்பதையும் மறைக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இலவசத்தை ஐயுற்றவர், தன் ஐயத்தைப் பொதுநலனுக்குக் கீழே வைத்த நாள் அது. புடாபெஸ்டின் மதுவடிப்பாலை உரிமையாளர் ஆன்டன் ஃபான் ஃபிராய்ன்ட் பணம் தர முன்வந்தார். ஆனால் ஹங்கேரியில் அடுத்தடுத்து வந்த ஆட்சி மாற்றங்களும் 1920 தொடக்கத்தில் அவருடைய மரணமும் அந்தத் திட்டத்தைக் குலைத்தன.

பெர்லின் முந்திக்கொண்டது. 1920 பிப்ரவரியில் பொட்ஸ்டாமர் வீதியில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் இலவசப் புறநோயாளர் சிகிச்சையகம் திறந்தது. பணம் ஐட்டிங்கோனுடையது, அவர் குடும்பம் லைப்சிக் நகரில் பெரும் உரோமத் தோல் வணிகம் செய்தது. போரில் மனம் சிதறிய சிப்பாய்களுக்குச் சிகிச்சை அளித்த ஏர்ன்ஸ்ட் ஸிம்மல் அவரோடு சேர்ந்து பொறுப்பேற்றார். பெர்லினின் மூத்த பகுப்பாய்வாளர் கார்ல் ஆபிரகாம் துணை நின்றார். கட்டடக் கலைஞரான ஃபிராய்டின் மகன் ஏர்ன்ஸ்ட் உள் அறைகளை வடிவமைத்தார். கட்டண விதி எளிமையானது: கொடுக்க முடியும் என்று எவ்வளவு நினைக்கிறார்களோ அவ்வளவு கொடுக்கலாம், முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம். எழுத்தர், கைத்தொழிலாளி, வீட்டு வேலை செய்யும் பெண், ஆசிரியை, மாணவர், வேலையற்றவர் என எல்லாத் தரப்பினரும் வந்தார்கள். இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. லண்டனில் 1913இலேயே ஜெஸ்ஸி மரே, ஜூலியா டர்னர் என்ற இரு பெண்கள் எளியவர்களுக்கான மன மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கி, மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 1922வாக்கில் அது மூடப்பட்டது. அந்த இரு பெண்களுக்கும் வரலாறு உரிய இடம் தரவில்லை என்பது வருத்தத்துக்குரியது. ஆனாலும் நாடுகள் தாண்டிப் பரவிய விதி பெர்லினில் உருவானதுதான்.

அந்த விதி ஏன் தனியறையில் உருவாகவில்லை, ஏன் சிகிச்சையகத்தில் உருவானது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தனியறையில் நோயாளி ஒரு மருத்துவருடைய நோயாளி; நல்லதும் கெட்டதும் அவர்கள் இருவரோடு முடிந்துவிடும். சிகிச்சையகத்தில் அப்படியில்லை. வருகிறவர் ஒரு நிறுவனத்தை நம்பி வருகிறார். முதலில் அவரைச் சந்தித்துப் பேசி, இன்னாரிடம் அனுப்பலாம் என்று முடிவு செய்பவர் மூத்தவர்; அதற்குப் பின் தினமும் அவரோடு உட்காருபவர் வேறொருவர். திறந்த சில மாதங்களிலேயே வந்தவர்களின் எண்ணிக்கை, இருந்த சில மூத்தவர்களின் மணிநேரங்களை மிஞ்சிவிட்டது. இன்னொரு பக்கம், இந்தத் தொழிலைக் கற்க இளம் மருத்துவர்களும் மற்றவர்களும் பெர்லினுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் நோயாளிகளை ஒப்படைக்காமல் இலவச நிலையத்தை நடத்த முடியாது. ஒப்படைத்தால் விளைவுக்கு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். இந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததுதான் மேற்பார்வை. மாணவர் ஒவ்வொரு அமர்வையும் பற்றி விரிவான குறிப்பு எழுத வேண்டும், அதை மூத்தவரிடம் கொண்டுவந்து விவாதிக்க வேண்டும், தவறுகள் அங்கே பிடிபட வேண்டும். நோயாளிக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வது இதன் நோக்கம் என்று ஐட்டிங்கோனின் ஆரம்ப கால அறிக்கையே கூறியது. மாணவரின் கல்வி இரண்டாவதாக வந்த பயன். இதோடு, மாணவர் முதலில் தானே பகுப்பாய்வுக்கு உட்பட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. அதற்காகவே பகுப்பாய்வாளர் ஹான்ஸ் ஸாக்ஸ் வரவழைக்கப்பட்டார். சொந்தப் பகுப்பாய்வு, பாடங்கள், மேற்பார்வையில் சிகிச்சை என்ற மூன்றும் 1925இல் பாட் ஹோம்பர்க் மாநாட்டில் எல்லா நாடுகளுக்குமான பயிற்சி முறையாக ஏற்கப்பட்டன. அதற்கென அமைந்த குழுவுக்கு ஐட்டிங்கோன் தலைவரானார். அன்றிலிருந்து, செல்வந்தர் ஒருவர் தன் வீட்டருகே பெரும் கட்டணம் கொடுத்துப் பார்த்த பகுப்பாய்வாளரும் எங்கோ ஓர் இலவசச் சிகிச்சையகத்தில் ஏழை ஒருவரோடு, மேற்பார்வையின் கீழ், உட்கார்ந்து கற்றவராக இருக்க வாய்ப்பு மிகுந்தது.

பெர்லின் சிகிச்சையகத்தின் பத்தாண்டு நிறைவில், 1930இல், அங்கிருந்த பகுப்பாய்வாளர் ஓட்டோ ஃபெனிகல் கணக்குக் காட்டினார். ஆலோசனைக்கு வந்தவர்கள் 1,955 பேர். அவர்களில் 721 பேருக்குச் சிகிச்சை தொடங்கியது. 363 சிகிச்சைகள் முடிந்திருந்தன, 241 இடையில் நின்றுபோயின, 117 நடந்துகொண்டிருந்தன. முடிந்த 363இல் குணம் என்று பதிவானவை 111, பெருமளவு முன்னேற்றம் 89, முன்னேற்றம் 116, மாற்றமில்லை 47. இந்த எண்களை வைத்து வெற்றி முழக்கம் செய்வது நேர்மையாகாது. ஒப்பிட ஒரு கட்டுப்பாட்டுக் குழு இல்லை. முன்னேற்றத்தை மதிப்பிட்டவர்கள் சிகிச்சை அளித்த தரப்பினரே. மூன்றில் ஒரு பங்கு இடையில் நின்றது சிறிய விஷயமும் அல்ல. 1952இல் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க், உளச்சிகிச்சையால் பயன் உண்டா என்று கடுமையாகக் கேட்ட தன் கட்டுரையில், பெர்லின் எண்களையும் எடுத்துக்கொண்டு, நின்றுபோனவற்றைத் தோல்விகளாகச் சேர்த்து எண்ணினார். அவருடைய முடிவோடு பலர் சண்டையிட்டார்கள். என் கவனம் வேறிடத்தில் நிற்கிறது. அவர் எண்ண முடிந்ததற்குக் காரணம், தங்கள் தோல்விகளையும் எண்ணி அச்சிட்ட நிலையம் ஒன்று இருந்ததுதான். அந்தக் காலத்துத் தனியறைகள் எதிலும் எத்தனை பேர் பாதியில் எழுந்து போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. மேற்பார்வைக்காக எழுதத் தொடங்கிய குறிப்பேடு, கணக்குக் கேட்கும் வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தது. காத்திருப்போர் பெருகியதால் சிகிச்சையை இடைவெளி விட்டு நடத்தும் முயற்சிகளும் அங்கே நடந்தன. அந்த நிறுவனத்தின் ஆரம்ப மாணவரான ஃப்ரான்ஸ் அலெக்ஸாண்டர், பின்னாளில் சிகாகோவிலிருந்து குறுகிய, நெகிழ்வான சிகிச்சை பற்றி 1946இல் நூல் எழுதியபோது, பெர்லினில் பார்த்தவை அவருக்குப் பின்னணியாக இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

வியன்னாவில் 1922 மே மாதம் திறந்த ஆம்புலடோரியம் என்ற இலவசச் சிகிச்சையகம் இன்னும் எளிமையானது. பெலிகன் சந்தில் இதயநோய்ப் பிரிவுக்குச் சொந்தமான அறைகளைப் பிற்பகலில் மட்டும் பயன்படுத்திக்கொண்டார்கள். நோயாளி படுத்தது உலோகப் பரிசோதனை மேசையில். எடுவர்ட் ஹிட்ஷ்மன் தலைமையில், வில்ஹெல்ம் ரைஹ் உதவியாளராக இருந்தார். மருத்துவர்கள் மட்டுமே சிகிச்சை தரலாம் என்ற நிபந்தனையோடுதான் அதற்கு அனுமதி கிடைத்தது. மருத்துவரல்லாத பகுப்பாய்வாளர் தியோடர் ரைக் மீது போலி மருத்துவக் குற்றச்சாட்டு எழுந்தபோது, ஃபிராய்ட் 1926இல் மருத்துவரல்லாதவர் பகுப்பாய்வு செய்யலாமா என்ற கேள்விக்கு ஒரு சிறு நூலே எழுதி விடை சொன்னார்: பட்டத்தைக் காட்டிலும் இந்தத் தொழிலுக்கென்று பெற்ற பயிற்சிதான் முக்கியம். இன்று உளவியல் மாணவர் ஒருவர் சிகிச்சை அறையில் உட்காருவதற்கான நியாயம் அந்தச் சண்டையில்தான் கூர்மை பெற்றது. மேற்பார்வையாளர் யார் என்பதிலும் கருத்து வேறுபாடு இருந்தது. மாணவரைப் பகுப்பாய்வு செய்தவரே அவருடைய முதல் சிகிச்சையையும் மேற்பார்வையிட வேண்டும், மாணவருடைய குருட்டுப் புள்ளிகள் பகுப்பாய்வு செய்தவருக்குத்தான் தெரியும் என்றார் புடாபெஸ்டின் வில்மா கோவாச். பகுப்பாய்வு செய்தவரும் மேற்பார்வையாளரும் வேறு வேறானவராக இருக்க வேண்டும் என்றன பெர்லினும் வியன்னாவும். பெர்லின் முறையே நிலைத்தது. நிலைத்ததும் நல்லதே என்று நினைக்கிறேன். மாணவரின் மனப்போராட்டத்தில் மூழ்கியிருக்கும் ஒருவரை விட, எதிரில் உட்காரும் நோயாளியின் பக்கம் நின்று கேட்கும் ஒருவர்தான் மேற்பார்வைக்கு வேண்டும்.

1929 பொருளாதாரச் சரிவு ஐட்டிங்கோன் குடும்பத்தின் செல்வத்தைக் கரைத்தது. 1933இல் நாஜிகள் வந்ததும் யூதரான அவர் பெர்லினை விட்டுப் பாலஸ்தீனம் போனார். அவர் கட்டிய நிறுவனத்தின் அறைகள் 1936இல், நாஜி ஆட்சியின் ஆதரவு பெற்ற கோரிங் நிறுவனத்தின் கைக்குப் போயின. 1938 மார்ச்சில் வியன்னா நிலையமும் மூடப்பட்டது. அந்த அறைகளில் பயின்றவர்கள் லண்டன், நியூயார்க், சிகாகோ, ஜெருசலேம் என்று சிதறியபோது, மேற்பார்வை விதியையும் கூடவே எடுத்துச் சென்றார்கள். நம் பக்கத்தில் கல்கத்தாவின் கதை இதற்கு இணையாகவும் எதிராகவும் ஓடுகிறது. 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், பெர்லின் வகுத்த எந்தப் படிக்கட்டிலும் ஏறாதவர். நூல்களாலும் சொந்தச் சோதனைகளாலும் கற்றவர். ஃபிராய்டோடு அவருக்கு இருந்தது கடிதத் தொடர்பு மட்டுமே. அவரே 1933இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோய்க்கான புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பொது மருத்துவமனை ஒன்றில் அப்படி அமைந்தது இந்தியாவில் அதுவே முதல். 1940இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனையும் அவர் முயற்சியில் வந்தது. தனக்கு ஆசிரியர் இல்லாதவர்கூட, மற்றவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கியதும் பொதுமக்களுக்கான சிகிச்சையகம் ஒன்றைத் தேடிப் போனார் என்பது கவனிக்க வேண்டியது.

பெர்லின் முறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மேற்பார்வையாளர் கேட்டது மாணவரின் நினைவைத்தான். நடந்த பேச்சை அல்ல. அந்த ஓட்டையை அடைக்க வழி கண்டவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். 1940இல் ஒஹையோ அரசுப் பல்கலைக்கழகத்துக்கு வந்த அவர், பட்ட மாணவர்கள் மேற்பார்வையின் கீழ் உண்மையான ஆட்களுக்கு ஆலோசனை தரும் வகுப்பை நடத்தினார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அத்தகைய முன்னோடி வகுப்புகளில் அது ஒன்று. அவருடைய மாணவர் பெர்னார்ட் கோவ்னரின் உழைப்பால் அமர்வுகள் கிராமபோன் தட்டுகளில் பதிவாயின. ஒரு தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடமே ஓடும். ஒரு மணி நேரப் பேச்சைப் பிடிக்க இரு இயந்திரங்கள் மாறி மாறி இயங்க வேண்டியிருந்தது. பதிவோடு ஒப்பிட்டபோது, அமர்வு முடிந்து ஆலோசகர் எழுதும் குறிப்பில் பேச்சின் பெரும்பகுதி விடுபட்டுப்போவதைக் கோவ்னர் காட்டினார். தாங்கள் கேட்டுக்கொண்டிருந்ததாக நம்பிய மாணவர்கள், தட்டைக் கேட்டபோது தாங்களே அதிகம் பேசியதையும், யோசனை சொல்லி இழுத்துப் போனதையும் அறிந்தார்கள். 1942இல் ரோஜர்ஸ் வெளியிட்ட நூலில் எட்டு அமர்வுகள் கொண்ட ஒரு முழுச் சிகிச்சையும் சொல்லுக்குச் சொல் அச்சானது. போருக்குப் பின் திரும்பிய வீரர்களுக்காக 1946இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் நிர்வாகம் மருத்துவ உளவியலாளர்களைப் பெருமளவில் பயிற்றுவிக்கத் தொடங்கியது. 1949இல் போல்டர் நகரில் கூடிய மாநாடு, ஆய்வும் மேற்பார்வையிட்ட களப்பயிற்சியும் இல்லாமல் பட்டம் இல்லை என்று வரையறுத்தது. அதற்குப் பின் பல்கலைக்கழகத் துறைகளோடு ஒட்டிய பயிற்சிச் சிகிச்சையகங்கள் நாடெங்கும் பரவின. அவை குறைந்த கட்டணம் வாங்கியதற்குக் கருணையோடு இன்னொரு காரணமும் உண்டு: மாணவருக்குக் கற்க ஆட்கள் வேண்டும்.

இங்கேதான் வலுவான மறுப்பு எழுகிறது. ஏழையின் மனம் மாணவரின் பயிற்சிக் களமா? பாரிஸ் மருத்துவமனைகளில் ஏழையின் நோய் பலர் பார்க்கும் காட்சியாகி, அதில் கிடைத்த அறிவு கடைசியில் பணக்காரருக்குப் பயன்பட்டது என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷல் ஃபூக்கோ 1963இல் எழுதினார். பல் மருத்துவக் கல்லூரியில் மாணவர் கையில் வாயைத் திறந்து காட்டுபவரும், அரசு மருத்துவமனை வார்டில் பத்துப் பேர் சூழ்ந்து நிற்கத் தன் வயிற்றைக் காட்டுபவரும் எந்த வகுப்பினர் என்பது நமக்குத் தெரியும். இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. இந்தக் கடன் உண்மையான கடன். மேலே சொன்ன வரலாறே அதற்குச் சாட்சி: தனியறைகளின் திறமை இலவச அறைகளில் சம்பாதிக்கப்பட்டது. ஆனால் இதிலிருந்து மாணவர் சிகிச்சையே கூடாது என்ற முடிவு வராது. நோயாளிக்கு என்ன தெரிவிக்கப்படுகிறது, எதை மறுக்க அவருக்கு உரிமை உண்டு என்ற கேள்விகளே வரும். மேற்பார்வை இல்லாத இடத்தில்தான் நோயாளி வெறும் பயிற்சிப் பொருளாகிறார். மேற்பார்வை இருக்கும் இடத்தில் அவருடைய நலனுக்குப் பொறுப்பேற்கும் இரண்டாமவர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை, சிகிச்சை தருபவர் பயிற்சியில் இருப்பதையும் மேற்பார்வையாளரின் பெயரையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்கிறது. ஃபூக்கோ விவரித்த வார்டில் இல்லாதது இதுதான்.

அனுபவம் இல்லையே என்பது அடுத்த மறுப்பு. அனுபவம் மிகுந்தவர் நிச்சயம் சிறந்தவர் என்ற நம்பிக்கைக்கு, இந்தத் தொழிலைப் பொறுத்தவரை, சான்றுகள் எதிர்பார்ப்பை விடப் பலவீனமானவை. 1979இல் ஹான்ஸ் ஸ்ட்ரப்பும் சுசான் ஹாட்லியும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வும் பதற்றமும் கொண்ட கல்லூரி மாணவர்களை இரு தரப்பினரிடம் அனுப்பினார்கள்: ஒரு தரப்பு நீண்ட அனுபவமுள்ள சிகிச்சையாளர்கள், மற்றது பரிவுக்குப் பெயர் பெற்ற பேராசிரியர்கள். சராசரியில் இரு தரப்பின் பலனும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 2016இல் சைமன் கோல்ட்பெர்க் குழுவினர் 170 சிகிச்சையாளர்களின் 6,500க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவில், ஆண்டுகள் ஏற ஏறப் பலன் கூடவில்லை, மிகச் சிறிதளவு குறைந்தது. ஆனால் இடையில் நின்றுபோவது மட்டும் குறைந்தது. அனுபவம் வீண் என்று இதை வாசிப்பது பிழை. தன்னை யாரும் பார்க்காமல் ஆண்டுகளைச் சேர்ப்பது திறமையைச் சேர்ப்பதாகாது என்பதே பொருத்தமான வாசிப்பு. ஸ்ட்ரப்பின் ஆய்வில் வந்தவர்கள் வாழ்வு முழுதும் குலைந்த நிலையில் இருந்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். தற்கொலை எண்ணம் உக்கிரமாக இருப்பவரையும், மருந்தில்லாமல் நிலைப்பட முடியாதவரையும் முதல் சந்திப்பிலேயே இனம் கண்டு மனநல மருத்துவரிடம் அனுப்புவது பயிற்சிச் சிகிச்சையகத்தின் முதல் கடமை. மூத்தவரின் கண் மிகவும் வேண்டிய இடமும் அதுவே.

நான் சொல்வதை இன்னொருவரும் கேட்பாரே என்ற தயக்கம் நம் ஊர்களில் இன்னும் கூர்மையானது. மனநல மருத்துவமனை இருப்பதால் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே வசையாக்கிய சமூகம் இது. மேற்பார்வையாளரும் அதே இரகசியக் காப்புக்குக் கட்டுப்பட்டவர், பதிவு செய்ய ஒப்புதல் வேண்டும் என்ற பதில் உண்மையானது, ஆனால் தயக்கத்தை அது உடனே போக்கிவிடாது. ஒருவருக்கு மட்டும் தெரிந்த இரகசியம் பாதுகாப்பானது என்ற எண்ணத்தைத்தான் மறுபரிசீலனை செய்ய வேண்டும். சிகிச்சை அறைகளில் நடந்த மீறல்கள், எல்லை தாண்டிய உறவுகள் உட்பட, பெரும்பாலும் வேறு எவரும் எட்டிப்பார்க்காத அறைகளில் நடந்தவை. மாணவர் கல்வியாண்டு முடிந்ததும் போய்விடுவார் என்ற குறை இதைவிடக் கனமானது. நம்பிக்கை வைத்த ஒருவர் நாட்காட்டியைப் பார்த்து விடைபெறுவது வலிக்கும். பலருக்கு அது பழைய கைவிடல்களை நினைவூட்டும். நல்ல சிகிச்சையகங்கள் முடிவுத் தேதியை முதல் நாளே சொல்லி, பிரிவையே பேச்சின் பொருளாக்கி, அடுத்தவரிடம் முறையாகக் கையளிக்கின்றன. அப்படிச் செய்தாலும் அது இழப்புதான். குறைந்த கட்டணத்துக்கு நோயாளி கொடுக்கும் உண்மையான விலை இதுவே என்று நான் கருதுகிறேன்; திறமைக் குறைவை அந்த விலையாகக் கொள்ள மாட்டேன்.

இந்தியாவில் மருத்துவ உளவியல் பயிற்சி 1955இல் பெங்களூரின் அகில இந்திய மனநல நிறுவனத்தில் தொடங்கியது. இன்றைய நிம்ஹான்ஸ் அதன் வாரிசு. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகம் மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்கிறது, அந்தப் பதிவுக்கான இரண்டாண்டு எம்.பில். படிப்பின் மையப் பகுதி, மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்ப்பது. தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதோவொரு மனநலச் சிக்கலோடு வாழ்வதையும், சிக்கலின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சை இன்றி இருப்பதையும் காட்டியது. இந்த இடைவெளியைத் தனியறைக் கட்டணங்களால் நிரப்ப முடியாது. இன்னொரு பக்கம், கவுன்சிலிங் என்று பலகை மாட்டியவர்களைக் கேள்வி கேட்க நெடுங்காலம் சட்டமே இல்லை. ஆலோசகர்களையும் பிற உளவியலாளர்களையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவர 2021இல்தான் தேசியத் துணை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம் வந்தது. சில வார இணையப் படிப்போடு பலகை மாட்டிய ஒருவரையும், தன் ஒவ்வொரு அமர்வையும் ஆசிரியர் முன் வைத்து விளக்கம் சொல்லக் கடமைப்பட்ட எம்.பில். மாணவரையும் ஒரே தெருவில் காணும் நிலை இன்று நமக்கு இருக்கிறது. அந்த மாணவரிடம் போகத் தொடங்குகிறவர் கேட்க வேண்டியவை சில உண்டு: உங்களை மேற்பார்வையிடுபவர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்னைப் பற்றி அவரோடு பேசுவீர்கள், தேவைப்பட்டால் நான் அவரை நேரில் சந்திக்கலாமா, நீங்கள் படிப்பை முடித்துப் போகும்போது என்னை யாரிடம் ஒப்படைப்பீர்கள்? இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லக்கூடிய துறைகள் தமிழ்நாட்டில் இன்னும் மிகுதியாக வேண்டும். உளவியல் முதுகலைப் படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும், பாடத்துக்காக ஓர் ஆய்வகம் வைத்திருப்பது போலவே, ஊர் மக்களுக்காக மேற்பார்வையோடு கூடிய ஒரு சிகிச்சையகத்தையும் திறக்கக் கடமைப்பட்டவை.